வாசலில் நிற்கும் வண்டி

எட்வின் பட்டறைக்கு நான் போனது மூன்றாவது தடவையா நாலாவது தடவையா என்று நினைவில்லை. காரை ஓட்டி உள்ளே நிறுத்தினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி வந்தது. அதுதான் எரிச்சல்.

"என்ன தம்பி, திரும்பவுமா?"

"திரும்பவும்தான்."

"எங்க வச்சு?"

"மாமியார் வீட்டு வாசல்ல."

எலெக்ட்ரீஷியன் பாண்டி பக்கத்து வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்கினான். "மாமியா வீட்டு வாசல்ல எம் பைக்கும்தான் ஸ்டார்ட் ஆகாது சார். கறிக்கொழம்பு வாசம் வந்துட்டா அது நகராது."

"ஏலே, சோலியப் பாரு" என்றார் எட்வின்.

பாண்டி வேலைக்குப் புதிது. அவனுக்குத் தெரியாது. எட்வினுக்குத் தெரியும். என் மனைவி மாரீஸ்வரி போன ஐப்பசியில் இறந்தாள். காய்ச்சல். ஒரு வாரம். எங்கள் மகள் கோதை அன்றிலிருந்து திருவில்லிபுத்தூரில் அவள் ஆச்சி வீட்டில் இருக்கிறாள். நான் ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறேன். பேண்டேஜ் துணி மில்லில், சோதனைக்கூடத்தில் வேலை.

எட்வின் பழைய கேள்விகளையே திரும்பக் கேட்டார். நானும் பழைய பதில்களையே சொன்னேன்.

"ஸ்டார்ட்டர் சுத்துதா?"

"சுத்துது. என்ஜின் பிடிக்காது."

"ஓடுறப்ப நின்னுருக்கா?"

"இல்ல. நிறுத்திட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான்."

"தெனமுமா?"

"இல்ல. நாலு நாள் நல்லா இருக்கும். பொறவு ஒரே நாள்ல ரெண்டு தடவ. சாவிய எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டு, செத்த நேரம் கழிச்சு தானா பிடிச்சிரும்."

"வெயில்லயா, காலையிலயா?"

"ரெண்டுலயும்."

எட்வின் தாடையைச் சொறிந்தார். அவர் ஏற்கனவே பேட்டரி மாற்றியிருந்தார். பெட்ரோல் பம்பின் ரிலே மாற்றியிருந்தார். ப்ளக் நாலும் புதுசு. ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் காட்டவில்லை. நடுவில் ஒருமுறை மதுரையில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அங்கே நன்றாகக் கழுவித் துடைத்து, குறை எதுவும் இல்லை என்று எழுதித் தந்தார்கள்.

"சாவிய மட்டும் கழட்டிக் குடுங்க. இந்தத் தடவ நானே ஓட்டிப் பாக்கேன்."

அது அந்தப் பட்டறையின் வழக்கம். எப்போதோ ஒருவர் சாவிக்கொத்தோடு விட்டுப்போய், அதில் இருந்த பீரோ சாவியைக் காணவில்லை என்று வந்து பெரிய ரகளை செய்திருக்கிறார். அதிலிருந்து எட்வின் வண்டிச் சாவியை மட்டும்தான் வாங்குவார். தன் பட்டறையின் மரவில்லையில் கோர்த்து ஆணியில் மாட்டிவிடுவார். நான் கார் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுச் சாவி, மில் லாக்கர் சாவி, மாமியார் கட்டிவிட்ட மந்திரித்த தகடு.

எட்வின் ஒரு வாரம் என் காரை ஓட்டினார். மனைவியோடு சர்ச்சுக்குப் போனார். செட்டியார்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தினார். ஒவ்வொரு டீக்கடையிலும் அணைத்து எடுத்தார். ஒருதடவைகூட மக்கர் செய்யவில்லை.

"தங்கம் மாதிரி ஓடுதே தம்பி" என்றார். குரலில் என்மேல் சின்னச் சந்தேகம் இருந்தது.

திரும்ப வாங்கிய மறுநாள் கிருஷ்ணன்கோவிலுக்குப் போனேன். மில் வேலையாக அங்கே பல்கலைக்கழகத்தில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பும்போது வண்டி எடுக்கவில்லை. கல்லூரி பஸ்கள் வரிசையாக ஹார்ன் அடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போயின. ஜன்னலோரப் பையன்கள் கை தட்டினார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வேர்த்தது. "போதும், விடு மாரி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாவியை இன்னொரு முறை திருகினேன். பிடித்துக்கொண்டது.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் அத்தை.

அத்தை, அதாவது மாரியின் அம்மா அழகுத்தாய், வீட்டின் முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். மாமா இல்லை. தை மாசத்தில் நான் கோதையை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு வந்தபோதே அவர் சம்மதித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை மாடசாமி கோவில் பூசாரியிடம் போய் தகடு மந்திரித்து வாங்கி வந்து, என் சாவிக்கொத்தில் மஞ்சள் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டார். "பிள்ளைய ஏத்திட்டுப் போற வண்டி" என்றார். கோதை சாமானை ஒரு பையில் எடுத்து வைத்தார். கோதை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி எடுக்கவில்லை.

அன்றைக்கு அரைமணி நேரம் முயற்சி செய்தேன். தெருவே வெளியே வந்து பார்த்தது. கடைசியில் அத்தை வந்து கதவைத் திறந்து கோதையை இறக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு வேண்டாம் மாப்ள."

அடுத்த தடவையும் அதே வாசலில் நின்றது. அதற்கடுத்த தடவை போகும்போதே அவர் பையை வெளியே எடுத்து வைக்கவில்லை.

"அவ விடமாட்டேங்கா" என்றார்.

"யாரு?"

"யாரா? எம் மகதான். வாசல்ல நின்னு மறிக்கா. ஒங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுது."

"அத்தை, அது ஏதோ ஒயர் கோளாறு."

"ஒயர் கோளாறுன்னா பட்டறைக்காரனுக்குத் தெரியாதா? அவன்கிட்ட நின்னா நல்லா ஓடுதுல்ல?"

பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"பஸ்ல கூட்டிட்டுப் போயிருவீக. பொறவு? ஒத்த ஆளா இருக்கீக. திடுதிப்புனு பிள்ளைக்குக் காய்ச்சல்னா எதுல தூக்கிட்டு ஓடுவீக? இந்த வண்டியிலயா?"

காய்ச்சல் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேரிடமுமே பேச்சு இருக்காது.

வண்டி சரியாகட்டும், அன்றைக்கே கூட்டிப் போங்க என்று முடித்துவிட்டார். அது சத்தியம் மாதிரி. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. ராஜபாளையத்தில் யூகேஜிக்குச் சேர்த்துவிட்டேன். மாடி வீட்டு அனுசியா அக்கா பள்ளிக்கூடம் விட்டபின் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கட்டில், குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கிவிட்டேன். வண்டி மட்டும்தான்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மில் விட்டு வந்ததும் வெளியே போய் வண்டியை ஸ்டார்ட் செய்வேன். எடுக்கும். அணைப்பேன். மறுபடி. எடுக்கும். அனுசியா அக்கா மாடியிலிருந்து, "என்ன ராம்குமார், ஊருக்கா?" என்பார். இல்லக்கா என்று உள்ளே வருவேன். சட்டையைக் கழற்றுவேன். திரும்பவும் மாட்டிக்கொண்டு வெளியே போவேன்.

எட்வினிடம் போய், கிருஷ்ணன்கோவிலில் நின்றதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"ஒண்ணு செய்வோம். அடுத்து எங்க நின்னாலும் நீங்க எதையும் தொடாதீங்க. சாவியக்கூட எடுக்காதீங்க. எறங்கி நின்னு எனக்குப் போனப் போடுங்க. நான் வாரேன்."

"திருவில்லிபுத்தூரா இருந்தா?"

"சென்னையா இருந்தா யோசிப்பேன். இங்க இருக்க திருவில்லிபுத்தூருக்கு என்ன?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வீட்டுக்குப் போனேன். கோதையைச் சும்மா ஒரு சுற்றுக் கூட்டிப் போகலாம் என்று எண்ணம். சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை.

வழக்கமாக அந்த இடத்தில் சாவியை மறுபடி மறுபடி திருகுவேன். அன்றைக்கு, லாட்டரி விழுந்தவன் மாதிரி இறங்கி எட்வினுக்குப் போன் செய்தேன்.

அவர் பைக்கில் வந்து சேரும்வரை நான் வண்டிக்குக் காவல் நின்றேன். கோதை தொடப்போனாள். தொடாதே என்றேன். பூனை ஒன்று பானெட்டில் ஏறியது. அதையும் விரட்டினேன். அத்தை மாவு வாங்க வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

எட்வின் வெள்ளைச் சட்டையில் இருந்தார். சர்ச்சுக்குப் போன சட்டை. நேராக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதையும் தொடாமல் டேஷ்போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தச் சாவிப் படம் போட்ட லைட்டு மினுக்குதே, எப்பவும் மினுக்குமா?"

"சாவி போட்டா எல்லா லைட்டும்தான வருது? நான் கவனிக்கல."

"சரி." சாவியைத் திருகினார். பிடிக்கவில்லை. "சரி" என்று இன்னொரு முறை சொன்னார். பிறகு, கை பழக்கத்தில், சாவியை உருவி, கொத்திலிருந்து கழற்றி, மிச்சத்தை என்னிடம் நீட்டிவிட்டு, தனிச் சாவியைப் போட்டுத் திருகினார்.

எடுத்தது.

எட்வின் அணைத்தார். திருகினார். எடுத்தது. மறுபடி அணைத்தார். என் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார்.

"அதக் குடுங்க."

சாவியைக் கொத்தில் மாட்டிப் போட்டார். விளக்கு மினுக்கியது. எடுக்கவில்லை. கொத்தைத் தட்டித் தொங்கவிட்டார். எடுத்தது. தகட்டைச் சாவித் தலையோடு சேர்த்து விரலால் அழுத்திக்கொண்டு திருகினார். எடுக்கவில்லை. விரலை எடுத்தார். எடுத்தது. விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் செய்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அட என்னப் பெத்த ஏசுவே! தம்பி, வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. இந்தச் சாவித் தலைக்குள்ள ஒரு சிப்பு இருக்கு. அது நம்ம வண்டிச் சாவிதான்னு வண்டி படிச்சாத்தான் என்ஜின் ஓடும். திருடன் கள்ளச்சாவி போடக்கூடாதுன்னு வச்சது. இந்தச் செம்புத் தகடு அதுமேல போயிப் படுத்துச்சுன்னா படிக்க முடியாது. வெலகிக் கெடந்தா படிச்சிரும். நான் எங்க கொத்தப் பாத்தேன்? சாவிய மட்டும்தான வாங்குவேன். அந்த பீரோக்காரன் என்னை எங்க கொண்டு வந்து நிறுத்திருக்கான் பாருங்க!"

எங்கள் லேபில், துணிச் சுருள் எப்படி வருகிறதோ அப்படியே சோதிக்க வேண்டும், எதையும் வெட்டிக் கழிக்கக் கூடாது என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். நானே ஒட்டியது. சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்ததும் நான்தான்.

எட்வின் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். "எந்தப் புண்ணியவான் கட்டுனது இது?"

"நாந்தான்" என்றார் அத்தை.

வாசற்படியில் மாவு வழியும் கையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. எட்வினின் சிரிப்பு நின்றது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நான் சும்மா..."

"தகடு கட்டுனா வண்டி நிக்குமா?"

"தகடு தப்பில்லம்மா. கட்டுன எடந்தான். வேற எங்கயும் வச்சுக்கிடலாம்."

அத்தை கையை நீட்டினார். எட்வின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அத்தை கொத்தை வாங்கிப் பல்லால் கடித்து அவிழ்த்தார். தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு சாவியை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனார்.

எட்வின் என் தோளைத் தொட்டார். "பெட்ரோல் பம்பு ரிலே பழசு இன்னும் எங்கிட்டதான் இருக்கு தம்பி. நல்லாத்தான் இருந்துச்சு பாவம்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

நான் உள்ளே போனேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதன் முன் உட்கார்ந்திருந்தார். மாவைத் தள்ளிவிடவில்லை. சும்மா கல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை."

"அவதான்னு நெனச்சேன் மாப்ள."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம் மக வாசல்ல வந்து நிக்கான்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவ நீங்க வாரப்பயும் வண்டி நிக்கணும்னுதான் இருக்கும். நின்னுச்சுன்னா, வந்திருக்கான்னு ஒரு இது. நான் கட்டுன தகடு. அம்புட்டுதான், என்ன?"

கிரைண்டரை அணைத்தேன். சத்தம் நின்றதும் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கும் யாரோ காரின் பின்சீட்டிலிருந்து சொல்லாமல் இறங்கிப் போன மாதிரி இருந்தது.

"கோதையக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே."

கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் இன்று விட்டால் அவரும் கேட்கமாட்டார், நானும் வரமாட்டேன் என்று தோன்றியது. இரண்டு பேரும் வேறு ஏதாவது கோளாறு கண்டுபிடித்துவிடுவோம்.

அத்தை எழுந்து கையைக் கழுவினார். சரியாகக் கழுவவில்லை. கோதையின் பையை எடுத்து வந்தார். கோதை, "ஆச்சியும் வருவாளா?" என்றாள்.

"தெரு முக்கு வரைக்கும் வாரேன்" என்றார் அத்தை. வீட்டை வெறுமனே சாத்திவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் பின்சீட்டில் ஏறி, கோதையை மடியில் இழுத்துக்கொண்டார்.

வண்டி முதல் திருகிலேயே எடுத்தது.

தெரு முக்கில் வேகத்தைக் குறைத்தேன்.

"அந்தப் பால் டிப்போ வரைக்கும் போங்க. அங்க எறங்கிக்கிடுதேன்."

பால் டிப்போ வந்தது. முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. "இங்க நிறுத்தாதீக, இடைஞ்சல். மெயின் ரோட்டுல எறங்குதேன்."

மெயின் ரோட்டில், வெயிலாக இருக்கிறது, வன்னியம்பட்டி விலக்கில் நிழல் இருக்கும், பஸ்ஸும் நிற்கும் என்றார். வன்னியம்பட்டி விலக்கு வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன்.

"தூங்கிட்டா" என்றார், மெதுவாக.

நான் குறைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் கோதையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போனேன். அத்தை பையோடு பின்னால் வந்தார். மாரி போனபிறகு அவர் இந்த வீட்டுக்கு வருவது முதல் தடவை. கோதையைப் புதுக் கட்டிலில் போட்டேன். அத்தை அடுக்களையில் நின்று பார்த்தார். கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். பருப்பு டப்பாவைத் திறந்து முகர்ந்து மூடினார். மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அனுசியா அக்கா இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

பிறகு குளியலறையிலிருந்து அத்தை கூப்பிட்டார்.

"மாப்ள, இந்தத் தாப்பா உள்பக்கம் ரொம்ப இறுக்கமா இருக்கு. பிள்ள போட்டுக்கிட்டா அதுக்குத் தெறக்கத் தெரியாது."

"நாளைக்கு மாத்துறேன்."

"நாளைக்கு என்ன? இப்பக் கழட்டுங்க."

திருப்புளி எடுத்து வந்து கழற்றினேன். துருப்பிடித்த திருகாணி ஒன்று வர மறுத்தது. அவர் பக்கத்தில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டார். கழன்றதும் தாழ்ப்பாளை வாங்கி ஜன்னல் மேல் வைத்தார்.

"நான் கெளம்புதேன். முழிச்சுட்டான்னா போக முடியாது."

"கொண்டாந்து விடுறேன்."

"பிள்ளைய யாரு பாப்பா?" என்றார். "இனிமே நெனச்சாப்புல வண்டிய எடுத்துட்டுக் கெளம்ப முடியாது மாப்ள. பாத்துக்கோங்க."

வாசலில் வந்து காலைப் பார்த்தார். தார் ரோடு கொதித்தது. செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் மாரியின் செருப்பு இருந்தது. நான் எடுக்கவும் இல்லை, தூரப் போடவும் இல்லை. அத்தை அதை இழுத்து மாட்டிப் பார்த்தார். கொஞ்சம் சின்னது. குதிகால் வெளியே நின்றது. போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். முக்குத் திரும்பும்வரை பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கோதை வெயில் சாய்ந்தபின் எழுந்தாள். சுவரைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி?"

"ஊருக்குப் போயிட்டா."

அழ ஆரம்பித்தாள். தூக்கினேன். திமிறினாள். இறக்கிவிட்டேன். வாசலுக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். புதுக் குடையை விரித்துக் காட்டினேன். தள்ளிவிட்டாள். அனுசியா அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கையைக் காட்டினேன், வேண்டாம் என்று.

அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முடியவில்லை. நடுவில் ஒருதடவை நிறுத்தி, மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.